சேலத்திலிருந்து நிகழ்தகவும் கணிதப் புள்ளியியலும் படிக்க எந்தப் பட்டத்தில் சேர்வது?

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், சேலம் நகரிலிருந்தும் ஓமலூர், ஆத்தூர் பக்கமிருந்தும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்தும் மாணவர்களும் பெற்றோரும் என்னைத் தேடி வருகிறார்கள். புள்ளியியல் ஆசிரியர் என்பதால் என்னிடம் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், பிள்ளைக்கு நிகழ்தகவுக் கணக்குன்னா ரொம்பப் பிடிக்குது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சேர்க்கலாமா, மேத்ஸ் சேர்க்கலாமா, இல்ல இப்ப எல்லாரும் சொல்ற டேட்டா சயின்ஸா?" ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய பதில் இதற்கு இல்லை. அவசரமாகச் சொன்ன பதிலை நம்பிச் சேர்ந்தவர்கள் இரண்டாம் ஆண்டில் திகைத்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே நேரில் கேட்பவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சேலத்து மாணவருக்கு எட்டக்கூடிய வழிகள் நான்கு. பி.எஸ்சி. புள்ளியியல், புள்ளியியலைத் துணைப்பாடமாகக் கொண்ட பி.எஸ்சி. கணிதம், தரவு அறிவியல் என்ற பெயரில் வரும் பட்டங்கள், நுழைவுத்தேர்வு எழுதி வெளியூரில் சேரும் தேசிய நிறுவனங்கள் ஆகியவை அவை.

எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல், அந்தப் பட்டம் எவ்வளவு நிரூபணக் கணிதத்தைக் கற்றுத்தருகிறது என்பது. பள்ளியில் நிகழ்தகவு என்றால் பகடை, சீட்டுக்கட்டு, பையில் உள்ள பந்துகள், பேயீஸ் தேற்றம் என்று எண்ணிக்கையும் தருக்கமும் கலந்த ஒரு சுவையான பாடம். பிளஸ் டூ கணிதப் புத்தகத்தின் நிகழ்தகவு பரவல்கள் என்ற அத்தியாயத்தில்தான் அது முதன்முறையாகத் தொகையீட்டைத் தொடுகிறது. பல்கலைக்கழகத்தில் அந்தத் தொடுதல் முழு உறவாகிவிடுகிறது. இரண்டு சமவாய்ப்பு மாறிகளின் விகிதத்துக்கு என்ன பரவல் என்று கேட்டால் இரட்டைத் தொகையீடும் மாறி மாற்றமும் தெரிந்திருக்க வேண்டும். பல மாறிகளைச் சேர்த்துப் பார்க்க அணிகள் வேண்டும். ரஷ்யக் கணிதவியலாளர் கொல்மகோரோவ் 1933இல் நிகழ்தகவை, நீளம், பரப்பு போன்ற அளவுகளைப் பொதுமைப்படுத்தும் அளவைக் கோட்பாட்டின் மேல் நிறுவிய பிறகு, எம்.எஸ்சி. நிலையில் மெய்ப்பகுப்பாய்வு (எல்லை, தொடர்ச்சி போன்றவற்றை மெய்யெண்களில் நிறுவிக் காட்டும் கணிதம்) தெரியாமல் ஒரு பக்கம்கூடப் புரட்ட முடியாது. பகடைக் கணக்கை விரும்பி வந்த மாணவர், இரண்டாம் பருவத்தில் தன் முன்னால் இருப்பது வேறு பாடமோ என்று மருள்வது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது, ஆறு பருவங்களில் நிகழ்தகவுக்கும் புள்ளியியலுக்கும் எத்தனை தாள்கள் கிடைக்கின்றன என்பது. மூன்றாவது, தரவைக் கையில் எடுத்து, கணினியில் போட்டுப் பழகும் வாய்ப்பு. நான்காவது, பட்டத்தின் பெயர் எந்த வேலைகளுக்கும் மேற்படிப்புகளுக்கும் தகுதி தருகிறது, எவற்றைத் தடுக்கிறது என்பது. ஐந்தாவது, செலவு. கட்டணம் மட்டும் செலவன்று. பயணம், விடுதி, மடிக்கணினி, பயிற்று மொழி மாறுவதால் இழக்கும் மாதங்கள் ஆகியவையும் இதில் சேரும்.

இவற்றை நான் சமமாக எடுத்துக்கொள்வதில்லை. முதலாவதும் நான்காவதும்தான் என் கணக்கில் கனமானவை, ஏனெனில் பின்னாளில் அவற்றைச் சரிசெய்வது மிகக் கடினம். கணினி மொழியை 25 வயதிலும் கற்றுக்கொள்ளலாம். விட்டுப்போன மெய்ப்பகுப்பாய்வை வேலைக்குப் போய்க்கொண்டே தனியாக உட்கார்ந்து படித்து முடித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒரே கேள்வி, மூன்று வகுப்பறைகள்

பட்டங்களின் பெயர்களைவிட, ஒரே கேள்வியை ஒவ்வொரு வகுப்பும் எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்ப்பது தெளிவு தரும். நம் பகுதியின் ஜவ்வரிசி ஆலைகளையே எடுத்துக்கொள்வோம். மரவள்ளிக் கிழங்கு லாரியில் வந்து நின்றதும், சிறிதளவு கிழங்கை எடுத்து மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் இருக்கிறது என்று சோதித்து, அதை வைத்து முழு லாரிக்கும் விலை பேசுகிறார்கள். லாரி முழுவதும் முழுமைத்தொகுதி. கையில் எடுத்த கிழங்கு கூறு. அந்தக் கூறின் சராசரியை எவ்வளவு நம்பலாம்?

தரவு அறிவியல் வகுப்பில், கடந்த ஆண்டின் லாரிப் பதிவுகளைக் கணினியில் ஏற்றி, வந்த ஊர், ரகம், மழை போன்ற விவரங்களிலிருந்து அடுத்த லாரியின் பாயிண்டைக் கணிக்கும் மாதிரி ஒன்றை உருவாக்கச் சொல்வார்கள். பயனுள்ள வேலைதான். பிழை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் கணினி தரும் ஓர் எண்தான் அங்கே பதில்.

புள்ளியியல் வகுப்பில் முதலில் கேட்கப்படுவது, கூறு எப்படி எடுக்கப்பட்டது என்பது. லாரியின் மேற்பரப்பிலிருந்து மட்டும் எடுத்தால், எத்தனை கிலோ எடுத்தாலும் சாய்வு (ஒரே பக்கமாகத் தவறும் பிழை) நீங்காது என்பதும், மேல், நடு, அடி என்று அடுக்குப் பிரித்து எடுப்பது ஏன் நல்லது என்பதும் கூறெடுப்புத் தாளில் வரும். பிறகு, ஒவ்வொரு கூறின் திட்ட விலக்கம் 2 பாயிண்ட் என்று வைத்துக்கொண்டால், 4 கூறுகளின் சராசரியில் திட்டப் பிழை, அதாவது அந்தச் சராசரி எவ்வளவு தடுமாறும் என்ற அளவு, 1 பாயிண்ட் என்றும், அதைப் பாதியாக்க 8 கூறுகள் போதாது, 16 வேண்டும் என்றும் கணக்கிடுவார்கள்.

கணித வகுப்பில் லாரியே இருக்காது. கூறுகளின் எண்ணிக்கை பெருகும்போது சராசரி எதை நோக்கிக் குவிகிறது, எந்த நிபந்தனைகளில் குவிகிறது, எந்த அர்த்தத்தில் குவிகிறது என்று நிறுவச் சொல்வார்கள். கோஷி பரவல் என்ற ஒரு வகைப் பரவலில் சராசரி என்ற ஒன்றே இல்லை என்பதும், ஆயிரம் மதிப்புகளைக் கூட்டி வகுத்தாலும் ஒரே ஒரு மதிப்பைவிட அது எள்ளளவும் நம்பகமானதாக ஆவதில்லை என்பதும் அங்கேதான் புலப்படும். கூறு பெரிதானால் பிழை குறையும் என்று மனப்பாடமாகச் சொல்லும் பழக்கம் அன்றோடு போய்விடும்.

இந்த மூன்றும் வேண்டும் என்பதுதான் உண்மை. கேள்வி, எதில் தொடங்கினால் மற்ற இரண்டையும் பின்னால் அடைவது எளிது என்பது.

பி.எஸ்சி. புள்ளியியல்

நிகழ்தகவுக் கோட்பாடு, பரவல்கள், கூறெடுப்பு முறைகள், மதிப்பீட்டுக் கோட்பாடு, கருதுகோள் சோதனை, சோதனை வடிவமைப்பு, தரக்கட்டுப்பாடு, காலத்தொடர், மக்கள்தொகையியல் என்று ஆறு பருவமும் இதே உலகில் இருக்கலாம். இரண்டாவது அளவுகோலில் இதை விஞ்சும் பட்டம் மாநிலத்தின் கல்லூரிகளில் இல்லை. வாரந்தோறும் செய்முறை வகுப்பு உண்டு. முன்பு கால்குலேட்டரும் ரெக்கார்டு நோட்டுமாக இருந்தது, இப்போது ஆர் மென்பொருளும் எக்செல்லும் சேர்ந்திருக்கின்றன.

நான்காவது அளவுகோலிலும் இதன் பலம் பெரிது. மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி.) நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வில் புள்ளியியல் புலனாய்வாளர் இரண்டாம் நிலை என்ற பதவிக்கு, பட்டப்படிப்பின் மூன்று ஆண்டுகளிலும், அதாவது ஆறு பருவங்களிலும், புள்ளியியலைப் பாடமாகப் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மத்தியத் தேர்வாணையம் (யு.பி.எஸ்.சி.) நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை 21 முதல் 30 வயது வரை எழுதலாம். புள்ளியியலை ஒரு பாடமாகக் கொண்ட இளநிலைப் பட்டமோ, புள்ளியியலில் முதுநிலைப் பட்டமோ வேண்டும். மாநிலப் பொருளியல் புள்ளியியல் துறையின் பணிகளுக்கும் இந்தப் பட்டம் ஐயமின்றிச் செல்லும்.

இனி, மறைந்திருக்கும் செலவுகள். புள்ளியியலை முதன்மைப் பாடமாகத் தரும் கல்லூரிகள், கணிதத்தைத் தருபவற்றைவிட மிகக் குறைவு. சென்னையில் மாநிலக் கல்லூரி, லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஆகியவற்றில் நெடுங்காலமாக இந்தப் பட்டம் இருக்கிறது. ஆனால் சேலத்திலிருந்து அங்கே போனால் விடுதிச் செலவு கட்டணத்தைப் பலமடங்கு மிஞ்சிவிடும். பெருங்கவலை கணிதத்தைப் பற்றியது. இந்தப் பட்டத்தில் கணிதம் துணைப்பாடமாக ஓரிரு பருவங்களில் வேகமாக முடிந்துவிடுகிறது. இரட்டைத் தொகையீட்டை அரைகுறையாகக் கடந்துவந்த மாணவர், மூன்றாம் பருவத்தில் டி பரவலையும் எஃப் பரவலையும் தருவிக்கும்போது நிரூபணத்தை அப்படியே மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார். நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார். குறை தெரிவது எம்.எஸ்சி. முதல் பருவத்தில்தான். பள்ளியில் கணித ஆசிரியராக வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அந்தப் பணிக்கு நேரான பாதை கணிதப் பட்டமும் பி.எட்.டும்தான். புள்ளியியல் பட்டத்தோடு அந்தப் பக்கம் திரும்புவோர், எந்தப் பட்டம் எதற்குச் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணைகளையும் அறிவிப்புகளையும் வரிவரியாகப் படிக்க வேண்டிவரும்.

அரசுப் புள்ளியியல் பணிகளை உறுதியாக நோக்குபவருக்கும், தரவைத் தொட்டுப் பார்த்தால்தான் மனம் நிற்கும் என்பவருக்கும், கணிதத் துணைப்பாடத்தைத் தாமாகவே இரட்டிப்பாக்கிக்கொள்ளும் ஊக்கம் உள்ளவருக்கும் இது சிறந்த தேர்வு.

பி.எஸ்சி. கணிதம், துணைப்பாடமாகப் புள்ளியியல்

நான் வந்த வழி இது என்பதால் இதன் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்ற கவனத்தோடு எழுதுகிறேன்.

மெய்ப்பகுப்பாய்வு, நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், கலப்பெண் பகுப்பாய்வு ஆகியவற்றை மூன்று ஆண்டுகள் முறையாகப் படித்தவருக்கு, எம்.எஸ்சி. புள்ளியியலில் நுழையும்போது அளவைக் கோட்பாடு அயலூர் மொழியாக ஒலிப்பதில்லை. வரலாற்றிலும் இதற்குத் துணை உண்டு. 1920இல் பிறந்து 2023இல் மறைந்த புள்ளியியலாளர் சி.ஆர். ராவ், ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் முடித்துவிட்டுத்தான் கல்கத்தாவுக்குப் போய் 1943இல் புள்ளியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றார். அடுத்த இரண்டே ஆண்டுகளில், சாய்வில்லாத ஒரு மதிப்பீட்டின் பரவற்படி (சிதறலின் அளவு) எந்த எல்லைக்குக் கீழே போகவே முடியாது என்று அவர் காட்டியதைத்தான் இன்றும் கிராமர்–ராவ் சமனிலி என்று வகுப்பில் நடத்துகிறோம். மறுபக்கத்துக்கும் சான்று உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையில் பிறந்த எஸ்.ஆர்.எஸ். வரதன் மாநிலக் கல்லூரியில் புள்ளியியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்று, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குச் சென்று, நிகழ்தகவுக் கோட்பாட்டுக்காக 2007இல் கணிதத்தின் உயரிய விருதுகளில் ஒன்றான ஆபெல் பரிசு பெற்றார். அவர் தொடங்கியது புள்ளியியலில். ஆனால் அவர் ஆழ்ந்தது கணிதத்தில்.

இந்தப் பட்டத்தின் வசதி, அது எங்கும் கிடைக்கிறது என்பது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கணிதம் இல்லாத கலை அறிவியல் கல்லூரியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அரசுக் கல்லூரிகளில் தமிழ்வழி வகுப்பும் உண்டு. பள்ளியிலிருந்தே தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை இருப்பதால், இது சிறிய ஆதாயமன்று. சமவாய்ப்பு மாறி, பரவற்படி, தொடர்புப் போக்கு என்று படித்தவர், முதுநிலையில் அத்தனைக்கும் ஆங்கிலப் பெயர்களைச் சந்திப்பார் என்பது உண்மைதான். முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வருபவருக்கு அது ஒரு மாத வேலைக்கு மேல் ஆகாது.

இதன் மறைவான செலவை நான் சொந்த அனுபவத்தில் அறிந்தேன். கணிதப் பட்டம் பெற்ற கையோடு ஒரு மத்திய அரசுப் புள்ளியியல் பதவிக்கு விண்ணப்பித்தேன். எழுத்துத் தேர்வில் தேறினேன். சான்றிதழ் சரிபார்ப்பில், புள்ளியியலை எத்தனை பருவம் படித்தீர்கள் என்று கேட்டார்கள். துணைப்பாடமாக இரண்டு பருவம் என்றேன். ஆறு வேண்டும் என்று அறிவிப்பில் இருந்ததை நான் படித்தும் இருந்தேன். துணைப்பாடம் போதும் என்று நானே பொருள் கொண்டுவிட்டேன். அன்று திரும்பி வந்த ரயில் பயணம் இன்னும் நினைவில் இருக்கிறது. அதனால்தான், அறிவிப்பில் "ஒரு பாடமாக" என்று எழுதியிருக்கிறதா, "எல்லாப் பருவங்களிலும்" என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் யாரையும் நான் இந்த வழியில் அனுப்புவதில்லை.

இன்னொரு குறை, இந்தப் பட்டத்தில் நிகழ்தகவின் பங்கு மெலிந்தது என்பது. நிலையியல், இயக்கவியல் போன்ற எல்லாவற்றுக்கும் நடுவில் புள்ளியியல் ஒரு விருந்தினரைப் போல வந்து போகும். மூன்று ஆண்டு காத்திருக்கப் பொறுமை வேண்டும். ஆனால் திசை மாற இடம் தருவதில் கணிதத்துக்கு நிகர் இல்லை. துணைப்பாடமாகப் புள்ளியியல் படித்த கணிதப் பட்டதாரியை எம்.எஸ்சி. புள்ளியியல் பொதுவாக ஏற்றுக்கொள்ளும். புள்ளியியல் பட்டதாரியை எம்.எஸ்சி. கணிதம் அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. சேலத்திலேயே பெரியார் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் துறை இருப்பதால், முதுநிலைக்கு வீட்டிலிருந்தே கருப்பூருக்குப் போய்வரலாம். ஐ.ஐ.டி.களின் முதுநிலைப் படிப்புகளுக்கான ஜாம் தேர்வில் கணிதப் புள்ளியியலுக்கு என்றே தனித் தாள் உண்டு. மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். அதன் பாடத்திட்டத்தில் நுண்கணிதமும் அணிகளும் கணிசமாக இருப்பதால் கணித மாணவர்கள் பின்தங்குவதில்லை.

நிரூபணம் எழுதுவதில் இன்பம் காண்பவருக்கும், எந்தத் துறை என்று இன்னும் முடிவாகாதவருக்கும், ஆசிரியப் பணியைக் கதவுக்குப் பின்னால் மாற்றுச் சாவியாக வைத்துக்கொள்ள விரும்புபவருக்கும் இதுவே பொருந்தும்.

தரவு அறிவியல் பட்டங்கள்

பி.எஸ்சி. தரவு அறிவியல், பி.டெக். செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் என்று இரு வடிவங்களில் வருகின்றன. நிரல் எழுதவும், பெரிய தரவைக் கையாளவும், செய்ததைப் பிறருக்குக் காட்டவும் இவை பழக்குகின்றன. மூன்றாவது அளவுகோலில் இவையே முதலிடம். நிகழ்தகவும் புள்ளியியலும் மட்டும் ஓரிரு தாள்களில் அடங்கிவிடும். மைய எல்லைத் தேற்றம் (பல மதிப்புகளின் சராசரி ஏன் மணி வடிவப் பரவலை நெருங்குகிறது என்பது) ஒரு கூற்றாக வரும், நிரூபணமாக வராது. நிகழ்தகவை நேசித்து வரும் மாணவரை இந்தப் பெயர்தான் அதிகம் ஏமாற்றுகிறது என்று என் அனுபவத்தில் சொல்வேன். பெயரில் குற்றமில்லை, சேருமுன் பாடத்திட்டத்தைத் தாள்வாரியாக எடுத்துப் பார்க்காததுதான் குறை.

செலவில் ஒரு வியப்பு உண்டு. பொறியியல் என்றாலே செலவு என்று பெற்றோர் ஒதுங்குகிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாகச் சேர்பவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஏற்காட்டில் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு, சேலத்துத் தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்வதைவிட பி.டெக். மலிவாக முடியக்கூடும். ஆனால் நான்காம் ஆண்டு என்ற ஓர் ஆண்டு கூடுதல், மடிக்கணினி, இவற்றையும் கணக்கில் வைக்க வேண்டும். தனியார் கல்லூரி பி.எஸ்சி.க்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது.

வேலை சீக்கிரம் வேண்டும், நிகழ்தகவு கருவியாக இருந்தால் போதும் என்பவருக்கு இது நல்ல தேர்வு. கோட்பாட்டைத் தேடுபவருக்கு அன்று.

இடைவழி ஒன்றும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பி.எஸ். பட்டத்தின் அடிப்படை நிலையில் புள்ளியியல் இரண்டு தாள்களாக வருகிறது. ஜே.இ.இ. இல்லாமல் அவர்களுடைய தகுதித் தேர்வின் வழியாகச் சேரலாம், குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அனுமதித்துவிட்டதால், கல்லூரியில் கணிதமும் இணையத்தில் இதுவுமாகப் படிப்போர் இருக்கிறார்கள். இரண்டையும் சுமக்க முடிகிறவருக்கு இது நல்ல இணை. மலைக் கிராமத்தில் இணைய வசதி வாரத்தில் எத்தனை நாள் சரியாக இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளியூர் நிறுவனங்கள்

புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1931இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் கொல்கத்தாவில் பி.ஸ்டாட். என்ற புள்ளியியல் இளநிலைப் பட்டத்தையும் பெங்களூரில் பி.மேத். என்ற கணித இளநிலைப் பட்டத்தையும் நடத்துகிறது. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தில் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த ஆனர்ஸ் பட்டம் உண்டு. ஆழம், ஆசிரியர்கள், உடன் படிப்பவர்கள் என்று எதிலும் இவற்றுக்கு இணை சொல்ல முடியாது. பி.ஸ்டாட். நெடுங்காலமாகக் கல்விக் கட்டணம் இன்றி, மாத உதவித்தொகையோடு நடந்து வருவது என்பதால் பணம் பெருந்தடையன்று.

தடை நுழைவுத்தேர்வு. ஒரே நாளில் இரு தாள்கள்: ஒன்று 30 கொள்குறி வினாக்கள், மற்றொன்று விரித்தெழுத வேண்டிய 8 கணக்குகள். அந்த எட்டையும் பள்ளிப் புத்தகத்தின் பயிற்சிக் கணக்குகளைப் போட்டுப் பழகிய கையால் எளிதில் தொட முடியாது. ஓராண்டாவது வேறு வகையான கணக்குகளோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டும். பயிற்று மொழியும் தேர்வு மொழியும் ஆங்கிலம். விண்ணப்பக் காலம் பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே முடிந்துவிடுவதால், மே மாதம் என்னிடம் வந்து கேட்பவர்களுக்கு இந்தக் கதவு அந்த ஆண்டுக்கு மூடியிருக்கும். பிளஸ் ஒன் படிக்கும்போதே இதைச் சொல்ல நம் பள்ளிகளில் ஆள் இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். இளநிலையில் தவறவிட்டவர் முதுநிலையில் எம்.ஸ்டாட். நுழைவுத்தேர்வை எழுதலாம், சேலத்துக் கணிதப் பட்டதாரிக்கு அது எட்டாத உயரமன்று.

பக்கத்தில் பக்கத்தில்

| அளவுகோல் | புள்ளியியல் | கணிதம் | தரவு அறிவியல் | தேசிய நிறுவனம் |
|---|---|---|---|---|
| நிரூபணக் கணிதம் | நடுத்தரம் | வலுவானது | மெலிந்தது | மிக வலுவானது |
| புள்ளியியல் தாள்கள் | ஆறு பருவமும் | ஓரிரு பருவம் | ஓரிரு தாள் | நிறுவனத்தைப் பொறுத்தது |
| தரவுப் பழக்கம் | நன்று | குறைவு | மிக நன்று | நன்று |
| ஆறு பருவ நிபந்தனை உள்ள பணிகள் | தகுதி உண்டு | இல்லை | இல்லை | பி.ஸ்டாட்.டுக்கு உண்டு |
| பள்ளிக் கணித ஆசிரியப் பணி | அறிவிப்பைப் பார்க்க வேண்டும் | நேரான பாதை | பாதை இல்லை | பட்டத்தைப் பொறுத்தது |
| தமிழ்வழி | அரிது | அரசுக் கல்லூரிகளில் உண்டு | அரிது | இல்லை |
| காலம் | 3 ஆண்டு | 3 ஆண்டு | 3 அல்லது 4 ஆண்டு | 3 அல்லது 4 ஆண்டு |

மலையிலிருந்து இறங்கி வருபவர்களுக்கு

அட்டவணையில் அடங்காத செலவு ஒன்று உண்டு. நாகலூர் பக்கமிருந்து வந்த என் மாணவி ஒருவர், ஊரிலிருந்து ஏற்காட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்கு ஒரு பஸ் என்று, போகவர நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்தைச் சாலையில் செலவிட்டார். வடகிழக்குப் பருவமழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் அதுவும் நின்றுவிடும். கணிதத்தில் தவறவிட்ட வகுப்பைப் பக்கத்தில் இருப்பவர் நோட்டைப் பார்த்து ஓரளவு ஈடுசெய்யலாம். புள்ளியியல் செய்முறை வகுப்பை அப்படிச் செய்ய முடியாது. அவர் முதல் பருவத்தோடு விடுதிக்கு மாறினார். மதிப்பெண் உயர்ந்தது அதன் பிறகுதான். அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. நான்கு மணி நேரத்தை மீட்க அதைச் செலவிடுவதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை. மலையில் வசிப்பவர்கள் கல்லூரியை ஒப்பிடும்போது விடுதியில் இடம் உண்டா என்பதைப் பாடப்பிரிவுக்கு அடுத்த கேள்வியாகவே கேட்க வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு கணக்கு

இன்னும் முடிவெடுக்க முடியாதவருக்கு நான் ஒரு கணக்கைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொல்வேன். ஏற்காட்டுக்குப் போகும் பஸ் ஒரு முறை 10 நிமிட இடைவெளியிலும் அடுத்த முறை 50 நிமிட இடைவெளியிலுமாக மாறி மாறி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி இடைவெளி 30 நிமிடம். நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருப்பார்? 15 நிமிடம் என்று எல்லோரும் சொல்வார்கள். சரியான விடை 21 நிமிடம் 40 விநாடி. நீண்ட இடைவெளியில் வந்து மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு ஆறில் ஐந்து பங்கு என்பதால் இப்படி ஆகிறது.

விடை சரியா என்பதை நான் பார்ப்பதில்லை. ஒரு வாரத்தில் என்ன செய்தார் என்பதைப் பார்ப்பேன். சென்ற ஆண்டு வந்த மூவரில் ஒருவர், அஸ்தம்பட்டி நிறுத்தத்தில் இரண்டு மாலை நின்று பஸ் நேரங்களை நோட்டில் குறித்துக்கொண்டு வந்தார். அவரைப் புள்ளியியலுக்கு அனுப்பினேன். இன்னொருவர், இடைவெளிகள் எப்படி இருந்தாலும் பொருந்தும் ஒரு பொதுச் சூத்திரத்தைத் தேடி, இடைவெளியின் வர்க்கத்தின் சராசரியை இடைவெளிச் சராசரியின் இருமடங்கால் வகுக்க வேண்டும் என்பது வரை வந்திருந்தார். ஏன் என்று மட்டும் எழுதத் தெரியவில்லை. அந்த "ஏன்" அவரைத் தூங்கவிடவில்லை என்று அவருடைய அம்மா சொன்னார். அவர் இப்போது கணிதம் படிக்கிறார். மூன்றாமவர் அண்ணனின் மடிக்கணினியில் பைத்தானில் பத்தாயிரம் பயணிகளை நிறுத்தத்துக்கு வரவழைத்து, 21.6 என்ற எண்ணைக் கொண்டுவந்து காட்டினார். தரவு அறிவியலில் சேரட்டும் என்றேன். ஆனால் அந்தப் புள்ளி ஆறு எங்கிருந்து வந்தது என்று தாளில் எழுதிக் காட்டும் வரை விண்ணப்பத்தை அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னேன். நான்கு நாட்களில் எழுதிக்கொண்டு வந்தார். அன்று மாலையே அவரும் அவருடைய அப்பாவும் பாடத்திட்டங்களை மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.